கண்ணுக்குள் நீண்ட கழுத்து

வலது கண்ணுக்குள் ஏதோ அசைகிறது என்று பவளக்கொடி சொன்னபோது, கணவன் தணிகாசலம் அவளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான். மாத்திரைகள் அவளைத் தூங்கவைத்தன, அது தூங்கவில்லை. பார்வை மங்கிய பிறகுதான் கண் மருத்துவர் ஷகிலாவிடம் வந்தார்கள். கருவியில் அவள் முகத்தைப் பொருத்தி ஒளியைப் பாய்ச்சியதும் மருத்துவர் இன்னும் நெருங்கிக் குனிந்தார். கண்ணுக்குள் மிதந்த முத்துப்போன்ற பையிலிருந்து வெண்ணிறக் கழுத்தொன்று வெளியே நீண்டு, வெளிச்சம் பட்டதும் சுருங்கி உள்ளே போனது.

“அசையுதும்மா, நீங்க சொன்னது சரிதான். நாடாப்புழுவோட குட்டி. முட்டையை விட்டு வந்தப்ப உடம்புல இருந்த ஆறு பொடிக் கொக்கிய ஆட்டுற அளவுக்குத்தான் இதுக்குத் தசை இருந்திருக்கும். இப்போ கழுத்த நீட்டி மடக்க, உறிஞ்சுற வாயால ஒட்டிக்கிட, எல்லாத்துக்கும் தசை வளந்துருச்சு. ஆபரேஷன்ல முழுசா எடுத்துரலாம். பார்வைக்குப் பயமில்ல.”

பவளக்கொடியின் கண்ணீர் கருவியின் மேல் வழிந்தது.

“நெசமாவே உள்ள இருக்கா?” என்றான் தணிகாசலம்.

“அவருக்கும் காட்டுங்க டாக்டர்,” என்றாள் அவள், முகத்தை எடுக்காமல்.

அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து குனிந்து பார்த்தான். அடுத்த நொடி நாற்காலி தடாலென்று பின்னால் சாய்ந்த சத்தம் கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு பவளக்கொடி வாய்விட்டுச் சிரித்தாள்.