விடுப்பில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்

பிரித்து வளர்ப்பு வீட்டில் விட்ட மகனை மாதம் ஒருமுறை பார்க்க விடுகிற அறையில், இன்று தமிழ் பேசக் கூடாது என்று சுபோதினியிடம் குழந்தை நலத்துறை அதிகாரி சொன்னார். தாயும் மகனும் பேசுவது அவருக்குப் புரிய வேண்டும். மொழிபெயர்க்கும் பெண்ணோ பிரசவ விடுப்பில் இருக்கிறாள்.

"ஒரு வருடம் வரமாட்டாள். பச்சைக் குழந்தை, தாய் பக்கத்தில் இருக்க வேண்டாமா?" என்று சிரித்தார்.

சுபோதினிக்கு, வந்து குடியேறிய நாட்டின் மொழி கேட்டால் விளங்கும். பேச நாலு சொல்தான் வரும்.

"சாப்பாடு நல்லது?" என்று மகனிடம் கேட்டாள்.

வளர்ப்பு வீட்டில் பழகிய அந்த மொழியில் கிருத்திகன் மளமளவென்று பதில் சொன்னான். அவள் தாங்க முடியாமல் அவனை அணைத்து, "என்ர குஞ்சு, அம்மாவில கோவமோ?" என்று காதுக்குள் கேட்டுவிட்டாள்.

அவன் விலகி அதிகாரியிடம் ஓடினான்.

"இந்த அம்மா தமிழில் பேசுகிறார்" என்றான்.