இரண்டாம் நிலைக் கடவுள்

என் வீட்டுக்காரர் தணிகாசலம் தன்னைக் கடவுள் என்று அறிவித்தபோது அரசாங்கம் முதலில் தடியடி நடத்தியது. கூட்டம் இரண்டு மடங்கானது. அடுத்து தடை போட்டார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பக்தர்கள் வந்து, எலுமிச்சம்பழம் கொடுத்துக் காலில் விழுந்தார்கள். அப்புறம்தான் கோட்டையில் யாருக்கோ புத்தி வந்தது. இவருக்கு அரசு வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்: செய்யாறு வட்டத்தின் இரண்டாம் நிலைக் கடவுள்.

பத்து மணிக்குள் கைரேகை வைக்க வேண்டும். அற்புதம் செய்வதென்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். போன வாரம் காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள்.

“சாமி, ஒரு தடவ தொட்டு விடுங்க!”

“சாப்பாட்டு நேரம்மா. ரெண்டு மணிக்கு வா.”

அவள் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. இவர் செய்த ஒரே அற்புதம் அதுதான். பக்தர்கள் வருவதும் நின்றுபோனது.

நேற்று கூடலூருக்கு மாறுதல் உத்தரவு வந்தது.

“மலையையே நகர்த்துவேன்னு சொன்னீங்களே, இதை நிறுத்துங்க பார்ப்போம்” என்றேன்.

இவர் இன்று விடிந்ததும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு அமைச்சர் வீட்டுக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

வாசலில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுக் கடவுள்கள், ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நின்றார்கள்.