ஆறுதல் விழா

அவளுடைய பாட்டை வேறொருத்தி பாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வரியிலேயே சுருதி போய்விட்டது. கடைசி வரிசையில் நின்ற அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியின் இறைவணக்கம் அவளுடையது. அம்மா செத்த பிறகு உருப்படியாக மிஞ்சியது அது ஒன்றுதான். பாடும்போது மட்டும் தொண்டை அடைக்காது.

காலையில் பார்கவி மிஸ் அதையும் பிடுங்கிக்கொண்டார்.

"குத்துவிளக்கு ஏத்தறாங்க கண்ணு. அம்மா போயி இன்னும் வருசம் திரும்பலையே. எரியற விளக்குகிட்ட நீ வரக்கூடாது. மேடைப் பக்கம் வந்துறாத, என்ன?"

தலையை வேறு தடவிக்கொடுத்தார். தடவிய கையைப் புடவையில் துடைக்கவில்லை. அந்த மட்டுக்கும் பெருந்தன்மை.

மேடையில் பேனர் கட்டியிருந்தார்கள். 'துயருறும் குழந்தைகளுக்குத் தோள் கொடுப்போம்.' எழுத்தைச் சுற்றி ரோஜாப்பூ.

கோயமுத்தூரிலிருந்து வந்த மனநல ஆலோசகர் அம்மாள் நெடுநேரம் பேசினார். அம்மா அப்பாவை இழந்த பிள்ளைகளை ஒதுக்கி வைக்காதீர்கள் என்றார். முன் வரிசையில் பார்கவி மிஸ் தலையாட்டினார். மூக்கை உறிஞ்சினார். கர்ச்சீப் எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பேனரிலிருந்த ரோஜாப்பூக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு குழந்தை இங்கே இருக்கிறதா என்று கேட்டார் ஆலோசகர் அம்மாள். வரிசை வரிசையாகத் தலைகள் பின்னால் திரும்பின.

பார்கவி மிஸ் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தார்.

"மகிழினி, மேல வாம்மா. அம்மாவப் பத்தி ரெண்டு வார்த்தை பேசு."

போட்டோக்காரர் முழங்காலிட்டுத் தயாரானார்.

அவள் மேடைப் படி வரை நடந்தாள். ஏறவில்லை.

"விளக்கு எரியுது மிஸ். வரலாமா?"

பாடிப் பழகிய குரல். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்டது.

மிஸ் விளக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றே ஒரு நொடி நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி.

மிஸ் செருப்பைக் கழற்றினார். விளக்கில் சுற்றியிருந்த சரத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தப் பூவாலேயே ஐந்து திரிகளையும் ஒவ்வொன்றாக எண்ணெய்க்குள் இழுத்துக் குளிர வைத்தார். புகை அடங்கும் வரை பக்தியாக நின்றார்.

பிறகு எண்ணெய்க் கையை அவளை நோக்கி நீட்டினார்.

"இப்ப வா கண்ணு."