லாக்கப் மின்விசிறி

கம்பிக்குள் பனியனோடு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் வக்கீலம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. மூடின கடை வாசலில் சும்மா நின்றதற்குச் 'சந்தேகம்' என்று பிடித்து வந்திருந்தார்கள். அவளுக்கு அவன் முகம்கூடத் தெரியாது; அவனுடைய அக்கா ஃபோனில் அழுததைக் கேட்டு ஓடி வந்திருந்தாள்.

அவன் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. லாக்கப்பில் இருப்பவனும் மனுஷன்தான் என்று இரண்டு வருஷம் வழக்காடி அவள் வாங்கிக் கொடுத்தது அது. ஸ்டேஷனில் வேறெங்கும் காற்றே இல்லை. வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூடத் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

மேஜையில் வியர்த்து வழிய எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்தார். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவளுக்கு நாற்காலியை நகர்த்தினார்.

"யூனிஃபார்மும் இல்ல, பெல்ட்டும் இல்ல. சம்பளம் மட்டும் வாங்கிடுறீங்க!"

அவர் அசடு வழிந்தார்.

"ஸ்டேஷனுக்குப் புதுசா?"

"நேத்துதாம்மா வந்தேன். எழுதுறவர் லீவு. கையெழுத்து நல்லா இருக்குன்னு என்னை உக்கார வச்சுட்டாங்க."

"நேரத்தை மாத்தித்தானே எழுதியிருப்பீங்க? ரிஜிஸ்டரைக் காட்டுங்க."

அச்சடித்த மாதிரி எழுத்து. பிடித்து வந்த நேரம், நேற்றுப் பகல் பன்னிரண்டு. இப்போது மணி இரண்டு. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்தவில்லை. இனி ஒரு நிமிஷம்கூட அவனை வைத்திருக்க முடியாது.

வக்கீலம்மா துள்ளிக் குதிக்காத குறை. "பதினஞ்சு வருஷத்துல உள்ளபடி நேரம் எழுதின முதல் ஆள் நீங்கதான்!"

"நடந்ததைத்தானேம்மா எழுதணும்."

அவள் கம்பியைத் தட்டினாள். "தம்பி, எழுந்திரு! வீட்டுக்குப் போலாம்!"

"ஐயோ, தட்டாதீங்கம்மா!" பேன்ட்டைப் பிடித்தபடியே அவர் ஓடி வந்தார். "சாப்பிட்டுட்டு இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுந்தா கத்துவாரு."

"கைதி கத்துவானா? உங்களைப் பார்த்தா?"

"அவரு இன்ஸ்பெக்டர்மா. காத்துக்காக உள்ள படுத்திருக்காரு."

வக்கீலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப நான் கூட்டிட்டுப் போக வந்த ஆளு எங்க?"

அவர் ரிஜிஸ்டரின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். 'பிடிபட்டவரிடம் வாங்கி வைத்தது: பெல்ட் ஒன்று.'

"அதை மட்டும் வாங்கிக் குடுத்துடுங்கம்மா, அக்கா காத்துக்கிட்டிருக்கும்."