தண்ணீரில் கரையும் சத்து

"நாக்க நீட்டு தாயி, பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

இருளாயியின் கடைசி மகள் நாக்கை நீட்டினாள். புண் இல்லை, வெடிப்பு இல்லை. வரிசையில் நின்ற மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் அப்படியே. திருச்சியிலிருந்து ஜீப்பில் வந்திருந்த டாக்டரம்மா, காலையிலிருந்து அந்த ஊரில் பார்த்த மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் கடைவாய் வெடித்துக் கிடந்தது. இந்த நாலு பேர் மட்டும் விதிவிலக்கு.

பக்கத்தில் நின்ற கிராம சேவக் மரியசூசைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமே தம் சைக்கிள் கேரியரில்தான் போகிறது என்று நினைப்பவர் அவர். விராலிமலையிலிருந்து மிதித்து வந்து, ஓராண்டாக இந்த வேப்பமரத்தடியில் தொண்டை கிழியப் பேசியதற்குக் கிடைத்த ஒரே பலன் இந்த நாலு நாக்குகள். வேலையோ நாலு வருஷமாகத் தற்காலிகம். டாக்டரம்மா இன்று நல்லதாக நாலு வரி எழுதினால் நிரந்தரம். எழுதாவிட்டால் அடுத்த மாதம் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊரான ஆவூருக்கு நடக்க வேண்டியதுதான்.

"எப்படி மிஸ்டர் மரியசூசை, இந்த ஒரு வீடு மட்டும்?"

"எல்லாம் பிரச்சாரந்தாங்கம்மா" என்றார் சுருக்கமாக. அதற்குமேல் வாயைத் திறந்தால் வலித்தது. பத்து நாளாக அவருக்கே இரண்டு கடைவாயும் புண். கேட்டவர்களிடமெல்லாம் வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டுவிட்டதாகச் சொல்லி வந்தார். அவர் வெற்றிலையே போடுவதில்லை.

"என்ன பேசுவீங்க? எனக்கும் சொல்லுங்களேன்."

கேட்டால் போதும், அவருக்குப் புண் மறந்துவிடும். மாதா கோயில் பிரசங்க மேடையில் ஏறிவிட்ட குரல் வந்துவிடும்.

"பி வைட்டமின், சி வைட்டமின் ரெண்டும் தண்ணியில கரையுற சரக்கும்மா. அரிசிய அஞ்சு தரம் கழுவினா அஞ்சு தரமும் கரையும். வெந்த பெறகு கஞ்சிய வடிச்சா, மிச்சமும் போச்சு. ஒடம்புல சேத்து வைக்கவும் முடியாது. நேத்து தின்னது நேத்தோட சரி. அன்னன்னைக்கு உள்ள போனாத்தான் உண்டு. இத இருளாயி ஒருத்திதான் கேட்டுக்கிட்டா. பிளாக் ஆபீசுக்கு ரிப்போர்ட்டே எழுதிட்டேன்."

டாக்டரம்மா இருளாயி பக்கம் திரும்பினார். "இவர் சொன்ன மாதிரிதான் சோறாக்குறியாம்மா?"

இருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க ஊர்ல சோறு ஏதுங்கம்மா? மழை இல்லாமப் போனதுலேருந்து எல்லா வீட்டுலயும் மரவள்ளிக் கெழங்குதான். ஐயா பாவம், வேகாத வெயில்ல வந்து பேசுறாகளேன்னு ஒக்காந்து கேப்போம்."

கூட்டம் சிரித்தது. ஓராண்டாக அரிசி இல்லாத ஊருக்கு அரிசி கழுவக் கற்றுக்கொடுத்த மேதை தாம்தான் என்று மரியசூசைக்கு அப்போதுதான் விளங்கியது. ஆவூர் ரஸ்தா கண்ணுக்குத் தெரிந்தது. அவமானமாக இருந்தது.

"அப்ப ஒம் புள்ளைகளுக்கு மட்டும் எப்படி புண்ணு இல்ல?" என்றார் டாக்டரம்மா.

"நான் விராலிமலையில வெறகு விக்கப் போறேங்கம்மா. அங்கிட்டு ஒரு வீட்டுல அரிசி களைஞ்ச தண்ணியையும் வடிச்ச கஞ்சியையும் தெனம் எம் பானையில ஊத்திருவாங்க. அதுலதான் கெழங்க வேகவச்சுக் குடுப்பேன்."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. மரியசூசைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விடுவாரா?

"நான் சொன்னேனாம்மா இல்லையா? சத்து பூராவும் இந்தப் பானையில எறங்கிருச்சு. அந்த வீட்டுக்காரன் வெறும் சக்கையத் தின்னுட்டு, கை கால் எரிச்சல்னு அலைஞ்சுக்கிட்டு இருப்பான். படிச்சவனாத்தான் இருப்பான், முட்டாப்பய."

"பாவம், யாருன்னு கேளுங்க" என்றார் டாக்டரம்மா. "போய் எடுத்துச் சொல்லுங்க. அந்த ஒரு வீட்டத் திருத்துங்க போதும். அதையே உங்களப் பத்தின ரிப்போர்ட்ல எழுதிடுறேன்."

இதைவிட என்ன வேண்டும்? மரியசூசை இருளாயியை நெருங்கினார்.

"எந்த வீடு தாயி?"

"வேணாங்கய்யா."

"சும்மா சொல்லு. மிராசுதார் வீடா?"

"இல்லீங்கய்யா. விட்டுருங்க."

"எப்பேர்ப்பட்ட கொம்பனா இருந்தாலும் இன்னைக்குச் சாயங்காலமே போய் நடுவீட்டுல ஒக்காந்து அவன் மூஞ்சிக்கு நேரா கேக்குறேன், பாரு. டாக்டரம்மா காத்துக்கிட்டு இருக்காங்கள்ல, சொல்லு."

இருளாயி டாக்டரம்மாவைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் மரியசூசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்புன பெறகுதாங்கய்யா நான் கொல்லைப்பக்கமா வருவேன். சோறு உதிரி உதிரியா இல்லாட்டி ஐயா தட்டுல கையே வைக்க மாட்டாகன்னு, ஒங்க வீட்டம்மா ஒரு சொட்டு விடாம வடிச்சு வச்சிருப்பாங்க. அவுகள ஒண்ணும் சொல்லிப்புடாதீங்கய்யா, நீங்க திருந்திட்டா எம் புள்ளைக வாய்க்கு நான் எங்கிட்டுப் போவேன்?"