உப்புக்கோட்டை இரண்டாம் பாகம்

விளையாட்டுப் பெட்டியைக் கண்ணாடி மேசைமேல் அறைந்தேன். பஷீரின் தேநீர் தளும்பிக் கணக்கு நோட்டில் கொட்டியது.

"இதுக்கா லா ஏழு வருசம் காக்க வச்சானுங்க? சுத்தக் குப்பை."

பினாங்கு கொம்தார் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் பஷீரின் கம்ப்யூட்டர் கடைக்கு நான் வந்ததே சண்டை போடத்தான். உப்புக்கோட்டை கம்ப்யூட்டர் விளையாட்டின் இரண்டாம் பாகம் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று பத்திரிகைக்குப் பத்திரிகை புளுகி, ஒருவழியாகத் தொண்ணூற்று நான்கில் வந்து சேர்ந்தது. நேற்று சாயங்காலம் வாங்கினேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

கோட்டை என்று நாலு சுவர். எதிரிகள், தபால் நிலையத்தில் நிற்பதுபோல், வெட்டுப்படுவதற்காக வரிசையாக நிற்கிறார்கள். இதைச் செய்தவர்களைக் கட்டிவைத்து இதையே விளையாட விட வேண்டும்.

பஷீர் நோட்டைத் துடைத்தபடி, கண்ணால் என் இடது பக்கத்தைக் காட்டினான்.

அதேபோன்ற பெட்டியோடு ஒருவன் நின்றான். தியாகராஜா. என் தம்பி.

நாங்கள் பேசி ஏழு வருடம் ஆகிறது. அப்பா போன பிறகு சொத்தைப் பிரித்த நாளோடு சரி.

அன்று மாமா நேர்மையாகத்தான் பிரித்தார். புக்கிட் மெர்தாஜாம் வீடு அவனுக்கு, பிறை ஊரில் இருந்த நிலம் எனக்கு. டிவி எனக்கு, கம்ப்யூட்டர் அவனுக்கு. அந்தக் கம்ப்யூட்டர் அவனுக்குப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உப்புக்கோட்டை முதல் பாகம் இரண்டு டிஸ்கில் வந்தது. ஆளுக்கு ஒன்று என்றேன். மாமா நான் வேடிக்கை பேசுவதாக நினைத்தார். இரண்டாவது டிஸ்கை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் டிஸ்க் கோட்டை வாசல் வரைதான் கொண்டுபோகும். உள்ளே நுழைய இரண்டாவது வேண்டும். நகல் எடுக்க முடியாதபடி பூட்டி விற்ற ஆட்டம். கடைகளிலும் அதற்குள் விற்பனை நின்றுபோயிருந்தது. இவன் வாசலிலேயே கிடக்கட்டும் என்றுதான் செய்தேன். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

தியாகு என்னைப் பார்க்காமல் பேசினான்.

"பஷீர், பழசுக்கு இது கால்தூசி பெறாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லு."

"அது எனக்கே தெரியும்னு அவன்கிட்ட சொல்லு," என்றேன்.

பஷீர் மறுபடி நோட்டைத் துடைக்கக் குனிந்தான்.

தியாகு மெல்ல என் பக்கம் திரும்பினான். காதோரம் நரைத்திருந்தது.

"அண்ணே, அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடுது லா. என் டிஸ்கும் பத்திரமா இருக்கு. வாசல் வரைக்கும் எத்தனை தடவை போயிட்டு வந்துட்டேன் தெரியுமா? உங்க டிஸ்கை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. கடைசியில என்ன ஆகுதுன்னு நாம ரெண்டு பேருமே பார்த்ததில்லை."

மூத்தவன் நான். இறங்கி வந்திருக்க வேண்டியவனும் நான்தான். அவன் வந்துவிட்டான்.

"உன் வீட்டு வாசலை நான் மிதிக்கணுமா? வேற ஆளைப் பாரு."

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

தியாகுவின் முகம் செத்துப்போனது. பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தான்.

"ஏன் குலாண்ணே இப்படி? அவரே வந்து கூப்பிடுறாரு," என்றான் பஷீர்.

அவனுக்கு என்ன தெரியும். பாகப்பிரிவினை முடிந்து தீவுக்கு ஃபெர்ரியில் திரும்பும்போதே அந்த டிஸ்கைக் கடலில் எறிந்துவிட்டேன். எப்போதாவது மனமிரங்கிக் கொடுத்துவிடுவேனோ என்று பயம்; என்மீதே எனக்கு நம்பிக்கை இல்லை. பினாங்குக் கரை வருவதற்குள் ஏன் எறிந்தேன் என்று ஆகிவிட்டது. இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

இரண்டாம் பாகம் மட்டும் நன்றாக இருந்திருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு, கூப்பிடாமலே நான் அவன் வீட்டுக்குப் போயிருப்பேன். வா தியாகு, முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று சொல்லியிருப்பேன். புதிது அவ்வளவு நன்றாக இருந்தால், பழைய டிஸ்க் எங்கே என்று அவன் ஏன் கேட்கப்போகிறான்?

படிக்கட்டில் அவன் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பஷீர், மூணாவது பாகம் எப்ப வருதாம்?"