முதல் நாள் படம்

எதுவும் இல்லாத வானம் என்று அக்கா வரைந்திருந்த வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தது.

அவர் ஜன்னலோரம் நின்று ஈரத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தார். மணி பத்து. பதினொன்றுக்கு மாடியில் வாய்மொழித் தேர்வு. தேறினால் ஆறு வருட உழைப்புக்கு முனைவர் பட்டம்.

"சீக்கிரம் பாத்துச் சொல்லுடா. கத்திரி அப்பவே வந்து உக்காந்தாச்சு."

கத்திரி என்பது வெளித்தேர்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர். ஒட்ட நறுக்கிவிடுவார்.

அக்காவின் ஆய்வு, தொலைதூர விண்வெளியில் நடந்த ஒரே ஒரு காமா கதிர் வெடிப்பைப் பற்றியது. வெடிப்பு சில நொடிகளில் முடிந்துவிடும். அது விட்டுப்போகும் எக்ஸ்ரே ஒளி மட்டும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வரும். எப்படி மங்குகிறது என்பதுதான் ஆராய்ச்சி.

வெடித்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் வெறும் வானத்தில் இன்னொரு வட்டம். வெடிப்பின் ஒளி மட்டும் மிஞ்சுவதற்கு, முதல் வட்டத்தின் ஒளியிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது வட்டத்தை அக்கா முதல் நாள் படத்தைப் பார்த்துப் போட்டிருந்தார். அது சில நிமிடங்களில் எடுத்த படம். மங்கலான நட்சத்திரங்கள் அதில் பதியாது. பதினெட்டு நாள் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் தெரியும்.

நான் அடுக்கினேன். தெரிந்தது. அவர் திரும்புவதற்குள் மூடிவிட்டேன்.

வெடிப்பு பிரகாசமாக இருக்கும்வரை அந்தப் புள்ளியால் கெடுதல் இல்லை. பத்து நாள் போனபின், தேவைக்குமேல் கழித்துக் கழித்து, ஒளி திடீரெனச் செங்குத்தாக விழுந்ததுபோல் காட்டும். அந்த வீழ்ச்சியைத்தான் அக்கா கண்டுபிடிப்பு என்று இருநூறு பக்கம் எழுதியிருந்தார்.

இப்போது சொன்னால் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். இரண்டு மாதத்தில் திருத்திவிடலாம்.

மூன்று வருடத்துக்கு முன் அதே மாடியில் நான் நின்றேன். அதே கத்திரி. கதவைச் சாத்திக்கொண்டு என் படங்களை அடுக்கச் சொன்னார். என் வட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி. இரண்டாம் வாய்ப்பு தரவில்லை. இப்போது அதே துறையில் கணினிகளுக்குக் காவல் இருக்கிறேன்.

என் தேர்வுக்கு முந்தின நாள் என் வட்டங்களைச் சரிபார்த்தவர் அக்காதான். சரியா இருக்குடா, தைரியமா போ என்றார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று பிறகு பலமுறை கேட்டார். தெரிந்தே கவிழ்த்துவிட்டு நடிக்கிறார் என்று நினைத்தேன். "தேறல" என்பதற்குமேல் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

"சரியா இருக்குக்கா," என்றேன். "தைரியமா போங்க."

மாடியில் புரொஜெக்டரை இயக்கியதும் நான்தான். கத்திரி அரை மணி நேரம் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, எல்லா நாள் படங்களையும் அடுக்கிப் போடச் சொன்னார்.

தயாராகவே வைத்திருந்தேன். விசையில் ஒரே தட்டு.

திரையில் அந்தப் புள்ளி, வட்டத்தின் நட்டநடுவில், தட்டில் வைத்த பட்டாணிபோல இருந்தது. யாரோ சிரித்தார்கள். கத்திரி பேனாவை மூடினார்.

எல்லோரும் போனபின் அக்கா என் பக்கம் வந்தார். அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கும் இதேதானாடா ஆச்சு?"

தலையாட்டினேன்.

"உன்னோடதயும் நான் முதல் நாள் படத்துலதாண்டா பாத்தேன். அடுக்கிப் பாக்கணும்னே எனக்குத் தெரியாது." என் தோளில் கை வைத்தார். "உன் வாழ்க்கையையே கெடுத்துட்டேன்ல? என்ன மன்னிச்சிடுடா."

"பரவால்லக்கா," என்றேன்.